நாற்பத்தொன்றாவது பிளாக்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. ஒரு கடற்கரை ஊரின் மீனவர் சங்கத்தில் நிலைமை இப்படித்தான் இருந்தது.

எந்தப் படகு யாருடையது என்ற பதிவெல்லாம் அந்தச் சங்கத்தில் பிளாக்செயின் என்ற கணினிப் பேரேட்டில் இருந்தது. சில பதிவுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பிளாக். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியாகிவிட்டால் பிறகு யாரும் அதில் கை வைக்க முடியாது. அதை நடத்தத் தெரிந்தவள் ஜெசிந்தா. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் சூசையப்பன். அவரைவிட நேர்மையான ஆள் அந்தக் கரையிலேயே கிடையாது. அதை அவரே அடிக்கடி சொல்வார்.

அன்று புது கம்ப்யூட்டர் வந்திருந்தது. முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் அதில் மறுபடி ஓட்டிச் சரிபார்க்கும் வேலையை அவரிடம் விட்டாள். ஓட்டுவதற்கு முன்னால், தேதி என்ன, எந்த விதிப்படி பார்க்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லியாக வேண்டும். சூசையப்பன் காலையிலேயே அன்றைய தேதியையும் சங்கத்தின் இப்போதைய விதிகளையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துவிட்டு ஓடவிட்டார். தேறும் படகுக்கு மறுநாள் கடலுக்குப் போக டோக்கன் கிடைக்கும். தேறாத படகு கரையில் கிடக்க வேண்டியதுதான்.

நாற்பது பிளாக் வரை பிரச்சினை இல்லை. அதற்கடுத்ததில் மெஷின் சிவப்பு காட்டியது. பிலோமினாவின் படகு. இறந்துபோன கணவர் பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாறிய பதிவு. சாட்சி இரண்டு வேண்டும். இருந்தது ஒன்று.

சூசையப்பனுக்கு ரத்தம் கொதித்தது. வாசலுக்குப் போனார். டோக்கன் வரிசையில் நின்றிருந்த பிலோமினாவிடம், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

"உம் பதிவு கள்ளப் பதிவும்மா. படகைக் கட்டிப் போடு."

அவள் அழவில்லை.

"எம் வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச கையோட இங்க வந்து பதிஞ்சேன். கொழுந்தன் சாட்சி போட மாட்டேன்னுட்டான். ஒருத்தர் போட்டாப் போதும்னு இதே ஆபீஸ்லதான் சொன்னாங்க. அந்தப் படகை வச்சுத்தான் மூணு பிள்ளைய வளத்திருக்கேன். என்னையா கள்ளிங்கீரு?"

சூசையப்பன் இளகவில்லை. மெஷினுக்குக் கொழுந்தனும் தெரியாது, பிள்ளைகளும் தெரியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. விறுவிறுவென்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இத்தன வருஷமா ஒரு பொய்யச் சுமந்துட்டு இருந்திருக்கோம், டீச்சர். இத யாரு உள்ள விட்டது?"

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி."

"ஏன்?"

"எந்திரிங்க."

எழுந்தார். அவள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையையும் கழற்றச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

"டிகிரி இல்லாதவங்க இந்த மெஷினத் தொடக் கூடாது. போன மாசம் சங்கம் போட்ட விதி. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப ஆறு வருஷமா நீங்க இங்க உக்காந்திருந்ததே கள்ளத்தனம்தான்."

இந்த வயதில் இப்படி ஒரு சொல்லை அவர் யாரிடமும் வாங்கியதில்லை.

"என்ன பேச்சு டீச்சர் இது? நான் சேந்த அன்னைக்கு அப்படி ஒரு விதியே கெடையாது. அன்னைக்கு என்ன கேட்டாங்களோ அதக் குடுத்துட்டுத்தான் சேந்தேன். ஒழுங்கா வேலை பாத்தவன நிக்க வச்சு இப்படிக் கேக்குறது எந்த ஊரு நியாயம்?"

ஜெசிந்தா நாற்பத்தொன்றாவது பிளாக்கைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதன் தலைப்பில் தேதி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தையது. பக்கத்திலேயே விதிகளின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு சாட்சி வேண்டும் என்ற விதி வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பும் ஊர் வழக்கப்படி எல்லாரும் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். கூட வர ஆளில்லாமல் போனது பிலோமினாவுக்கு மட்டும்தான்.

சூசையப்பன் இரண்டு முறை வாசித்தார். அவமானமாக இருந்தது.

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்து நாற்காலியைத் தள்ளினாள். அவர் உட்கார்ந்து, அந்த பிளாக்குக்கு அதன் தேதியையும் அன்றைய விதிகளையும் அடித்து மறுபடி ஓட்டினார். பச்சை வந்தது. டோக்கன் அச்சாகி விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் நின்றார். வெளியே பிலோமினா அதே இடத்தில் நின்றிருந்தாள். மற்றவர்கள் அவளை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"டீச்சர், மெஷின் தப்பாச் சொல்லிட்டுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரட்டுமா?"

"மெஷின் நீங்க சொன்னத நம்புச்சு, அண்ணாச்சி. அந்த வரிசையும் நீங்க சொன்னதத்தான் நம்பி நிக்குது. அது கலையுறதுக்குள்ள போங்க."