முதலில் அனுப்பியவர்

"இதுல எது உண்மைன்னு நீங்க சொல்லுங்க மேடம். வெள்ளிக்கிழமையிலேர்ந்து மாத்திரையை நிறுத்தப் போறேன்."

தவமணி ஒரு தடித்த ஃபைலை மேசைமேல் வைத்தார். எல்லாம் இணையத்திலிருந்து பிரிண்ட் எடுத்த பக்கங்கள். மின்வாரிய அலுவலகத்தில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். ஓட்டை போட்டு, வரிசை எண் எழுதி, கயிறு கோத்துக் கட்டியிருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஹசீனா, மருத்துவக் கல்லூரி நூலகர். தவமணியைவிட இருபது வயது இளையவர். நோயாளியின் வீட்டார் எதையாவது படித்துக் குழம்பி வந்தால், அவர்களோடு சேர்ந்து படித்துப் பார்ப்பார் என்று வார்டில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"யாருக்கு மாத்திரை?"

"என் பொண்ணுக்கு. நிறைமதி. பதினாலு வயசு. ரெண்டு வருஷமா வலிப்பு."

"மாத்திரைக்குக் கேக்குதா?"

"எட்டு மாசமா வரல."

"அப்புறம் ஏன் நிறுத்தணும்?"



"கிளாஸ்ல தூங்கித் தூங்கி விழறா. காலம் பூரா இதைச் சாப்பிடணுமான்னு அவங்க அம்மா அழறா. மாத்திரையே இல்லாம சரியாகும்னு இதுல போட்டிருக்கு."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"திட்டுவார்."

"நான் திட்ட மாட்டேனா?"

"நீங்க டாக்டர் இல்லையே."

ஹசீனா கணினியை அவர் பக்கம் திருப்பி, வலிப்பு பற்றிய ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுதியவர்கள் யார், எந்தத் தேதியில் சரிபார்த்தார்கள் என்பது அடியில் இருந்தது. விற்பதற்கு எதுவும் இல்லை.

தவமணி முழுவதும் படித்தார். முகம் விழுந்துவிட்டது.

"இதுல ஒண்ணுமே இல்ல மேடம். பாதிப் பேருக்குக் காரணம் தெரியலங்குது. மாத்திரையை நீயா நிறுத்தாதேங்குது. டாக்டரைப் போய்ப் பாருங்குது."

"ஆமா."

"இதைச் சொல்ல எதுக்கு இன்டர்நெட்?"

ஹசீனா ஃபைலைப் புரட்டினார்.

"இந்த ஒரே எண்ணெய் வலிப்புக்கும் நல்லதாம், ஆட்டிசத்துக்கும் நல்லதாம், கை நடுக்கத்துக்கும் நல்லதாம். முடி கொட்டறதை மட்டும் விட்டுட்டாங்க."

"அது அடுத்த பக்கத்துல இருக்கு" என்றார் தவமணி.

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது.

"நான் படிச்சவன் மேடம். வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்தைத் திணிக்கிற ஆள் இல்ல. என் மாமியார் திணிச்சப்போ நான்தான் பிடுங்கி எறிஞ்சேன். இந்த எண்ணெயையும் ஒதுக்கிட்டேன். ஆனா கடைசிப் பக்கம் வேற மாதிரி."

கடைசிப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஏதோ ஒரு வேரின் கஷாயம். இருபத்தொரு நாள். மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்க வேண்டும். மேலே ஒரு பேராசிரியரின் பெயர், நடுவில் அமெரிக்க ஆராய்ச்சி.

"மூணு பேர் அனுப்பினாங்க. ஆபீஸ்ல பியூலா, சென்னையில என் சகலை, பெற்றோர் குரூப்புல ஒருத்தர். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. மூணு பேரும் ஒண்ணையே சொன்னா அதுல ஏதோ இருக்கணும்ல?"

"இருக்கலாம்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"மூணு பேர்கிட்டயும் கேளுங்க சார், உங்களுக்கு யார் அனுப்பினதுன்னு. அவங்ககிட்டயும் அதையே கேளுங்க. முதல்ல அனுப்பினவர் யாரோ, அவரை இங்க கூட்டிட்டு வாங்க. அவர் சொன்னா நானும் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் மாத்திரை நடக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை நல்ல நாள் மேடம்."

"அடுத்த வாரமும் வெள்ளிக்கிழமை வரும்."

அலுவலகத்தில் காணாமல் போன ஒரு கடிதத்தைத் தேடுவதுபோல் அவர் தேடினார். ஒரு நோட்டில் பெயர், தொலைபேசி எண், வந்த தேதி.

பியூலாவுக்கு அனுப்பியவர் அவள் சர்ச்சில் பாடும் ஒருவர். சகலைக்கு மாடி வீட்டுக்காரர். குரூப்பில் போட்டவருக்கு அவருடைய தம்பி. சிலர் கோபப்பட்டார்கள். சிலர், "உங்க பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். ஒருவருக்கும் அந்தக் கஷாயத்தைக் குடித்த யாரையும் தெரியவில்லை.

பின்னால் போகப் போகச் செய்தி இளைத்தது.

நான்காவது ஆளிடம் பேராசிரியர் இல்லை. ஆறாவது ஆளிடம் அமெரிக்கா இல்லை. இருபத்தொரு நாள் அதற்கு முன்னால் நாற்பத்தெட்டு நாளாக இருந்தது.

மூன்று வழியும் சிவகாசியில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியரிடம் வந்து சேர்ந்தன. அவருக்கு அனுப்பியவர் சாத்தூர் பால்பாண்டி.

பால்பாண்டி தவமணியின் தங்கை கணவர்.

"என்ன மச்சான், விளையாடுறீங்களா?" என்றார் பால்பாண்டி போனில். "நீங்கதான எனக்கு அனுப்புனது."

"நானா?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமா. நம்ம நிறைக்கு முதல் தடவை வந்துச்சுல்ல, அதுக்கு மூணாம் நாள். மேல இதை அனுப்பிட்டு, கீழ தனியா, 'இது நிஜமா மாப்ள?'ன்னு கேட்டிருக்கீங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எனக்கு என்ன மச்சான் தெரியும்? தெரிஞ்சவங்க யாராவது பதில் சொல்லட்டும்னு நாலு பேருக்குத் தள்ளிவிட்டேன்."

"என் கேள்வியையும் சேர்த்தா?"

"அது தனியால்ல கிடந்துச்சு. அதை விட்டுட்டேன்."

தவமணிக்கு நினைவு வந்தது.

ஸ்கேன் அறையின் வாசல். எதிர்ப்புறம் டீக்கடைத் தூணில் ஒட்டியிருந்த கஷாய விளம்பர நோட்டீஸ். உள்ளே மகள் இருந்தாள். வெளியே அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போனை எடுத்து அந்த நோட்டீஸை எழுத்தெழுத்தாகத் தட்டினார். கூரியரில் பெற அழைக்க வேண்டிய எண் அடியில் இருந்தது. தங்கை வீட்டுக்காரருக்குப் போய் விளம்பரத்தை அனுப்புவதா என்று கூச்சமாக இருந்தது. எண்ணை மட்டும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அவரும் மறந்துபோனார்.

மறுநாள் காலையில் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி மகளிடம் கொடுத்தார். அவள் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்னப்பா, இன்னைக்கு மாத்திரையை முறைக்கல?"

"முறைப்பேனா?"

"தினமும். அதுக்குக் கண்ணு இருந்தா அழுதிருக்கும்."

அவர் சிரித்தார். உள்ளே இருந்த அவர் மனைவி என்னவென்று பார்க்க வெளியே வந்தாள்.

புதன்கிழமை அவர் மறுபடியும் நூலகத்துக்குப் போனார். கையில் ஃபைல் இல்லை.

"கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார் ஹசீனா.

"கண்டுபிடிச்சேன்."

"கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கேன்."

ஹசீனா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு தவமணியின் முகத்தைப் பார்த்தார். அவர் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தூக்கத்தைப் பத்தி நேத்து டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் மேடம். திட்டல. ராத்திரிக்கு மாத்திக் குடுத்திருக்கார்."

"நல்லது."

"ரெண்டு வருஷம். ஒவ்வொரு மாத்திரை கொடுக்கும்போதும், நல்ல மருந்து ஒண்ணு எங்கயோ இருக்கு, அதை இவளுக்குக் கொடுக்கிற தைரியம் எனக்கில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்." அவர் மூச்சை மெல்ல விட்டார். "நான் கொடுக்காம வச்சிருந்தது ஒண்ணுமே இல்ல மேடம்."

ஹசீனா தலையசைத்தார்.

"முதல்ல அனுப்பினவருக்கு என்ன தெரிஞ்சிருந்தது?"

"ஒண்ணும் தெரியாது. ஸ்கேன் ரூம் வாசல்ல நின்னுட்டிருந்தார். அவ்வளவுதான்."

ஹசீனா எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். ரெண்டு வருஷமா நிக்கிறீங்க."