இதைவிட லேசான லாடம்

அரிசி மில் அங்கப்பனின் செவலைக் குதிரை ரேக்ளாப் பந்தய வெள்ளோட்டத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வரும். ஓட்டுகிறவன் பக்கத்தில் அங்கப்பனும் தவறாமல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஜெயித்தால் போட்டோவில் விழ வேண்டாமா?

பழியெல்லாம் லாடம் அடிக்கும் மஸ்தான் தலையில். "காலுல இரும்பைக் கட்டிவிட்டா குதிரை எப்படிய்யா ஓடும்?"

மஸ்தான் கோயமுத்தூரெல்லாம் அலைந்து அலுமினிய லாடம் வாங்கிவந்து அடித்தான். அப்போதும் கடைசிதான்.

"இதைவிட லேசாக் கொண்டா. இல்லீன்னா செவலையை வித்துப்போடுவேன். உனக்கும் இங்கே வேலை கிடையாது."

மஸ்தான் செவலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். "நாளைக்கே அடிச்சுடறனுங்க. ஆனா வண்டியில உக்காந்தா அதோட வேகம் தெரியாதுங்க. எல்லைக்கோட்டுல நின்னு பாருங்க."

மறுநாள் செவலை புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதலாவதாக வந்து நின்றது. அங்கப்பன் துள்ளிக் குதித்தார். "இதல்லவா லாடம்! எந்த ஊர்ச் சரக்குய்யா?"

மஸ்தான் குதிரையின் காலைத் தூக்கிக் காட்டினான். அதே பழைய இரும்பு லாடம்.

அங்கப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எடையை எங்கேய்யா குறைச்சே?"

"எல்லைக்கோட்டுல இறக்கி நிறுத்திட்டனுங்க."