குளிர்விக்கும் மண்டபம்

உப்பளங்களுக்கு நடுவே, காலைப் பனியில் மிதப்பதுபோல், ஒரு புதிய விமான நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. பூநாரைகள் ஓடுபாதையை நீரென்று எண்ணி இறங்கின. வரைபடக்காரி செண்பகவடிவு அந்த ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டித் தீயணைப்பு நிலையத்தை வரைந்து நீட்டினாள். சகுனம் பார்க்காமல் தும்மக்கூட அஞ்சும் நிலையத் தலைவர் ஆளவந்தார் ‘தீ’ என்ற எழுத்தைக் கண்டதுமே முகம் சுளித்தார்.

“மங்கலமான இடத்தில் இந்தப் பேச்சா? அதைச் சுற்றுச்சுவருக்கு அப்பால் தள்ளு. இனி அந்தச் சொல்லை எவர் வாய்விட்டுச் சொன்னாலும் வேலை போய்விடும்!”

சுவருக்கு அப்பாலிருந்து வண்டி வருவதற்குள் எரியும் விமானத்தில் ஓர் உயிரும் மிஞ்சாது. வடிவு யோசித்தாள். வீட்டு விளக்கை எவரும் ‘அணை’ என்பதில்லை. ‘குளிரவை’ என்றுதான் சொல்வார்கள். அவள் இடத்தை அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினாள்: குளிர்விக்கும் மண்டபம்.

“பிரமுகர்கள் இளைப்பாறவா? பேஷ்! கதவு ஏன் இத்தனை அகலம்?”

“அங்கே தங்குகிறவர்கள் பருத்தவர்கள், ஐயா. புறப்படும்போது அவசரப்படுவார்கள்.”

ஆளவந்தார் மகிழ்ந்து ஒப்புதல் தந்தார்.

திறப்பு விழாவில், நல்ல நேரம் பார்த்து அமைச்சர் மண்டப வாசலில் நாடாவை வெட்டினார். கனவில் திறப்பதுபோல் கதவுகள் மெல்ல விலகின. உள்ளே, பனிக்குள் பூத்த செவ்வரளிபோல், தீயணைப்பு வண்டிகள் நின்றன.

ஆளவந்தார் சீறித் திரும்பினார். “ஏம்மா, இது... இது...”

“எது, ஐயா? வாய்விட்டுச் சொல்லுங்கள்.”

நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. அமைச்சர் அவர் வாயையே பார்த்தார்.

“குளிர்ச்சியாக இருக்கிறது,” என்றார் ஆளவந்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.