நடு ஆற்றுத் திட்டு

மினுக்கி என்ற நீர்நாய் பாறைமேல் ஏறி நின்று சீழ்க்கை அடித்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள். எங்கோ ஒரு தவளைதான் கத்தியது.

அவள் புருஷன் சுழியன் வீட்டுப் பக்கம் வந்து ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது.

நீர்நாய்கள் சோடி சேர்ந்துதான் மீன் பிடிக்கும். ஒன்று இந்தப் பக்கமிருந்து விரட்டும். இன்னொன்று எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இப்போது மினுக்கி விரட்டுகிற மீனெல்லாம் எதிர்ப்பக்கமாக நழுவிப் போயின. வயிறும் காலி, வளையும் காலி. சுழியன் படுக்கிற பள்ளத்தில் இலை விழுந்தால், அதைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு வருவாள். என்றைக்காவது வருவான் அல்லவா?

எல்லாம் அந்தச் சொக்குக்காய் செய்த வேலை. மலைக்காட்டில் விளைகிற போதைக்காய் அது. கோணவாலன் என்ற நரியும் அவன் கூட்டமும் அதைப் பறித்துவந்து காடு காடாகக் கொடுத்தார்கள்.

"சும்மா ஒண்ணு தின்னு பாரு மாப்ளே! மீனே பறக்கும்!" என்றான் கோணவாலன்.

சுழியன் தின்றான். மீன் பறந்தது. மறுநாள் ஒரு காய்க்கு ஒரு மீன் கேட்டார்கள். பிறகு கூடை மீன் கேட்டார்கள். பிடிக்கத் தெம்பில்லாமல் போனபோது, "மீன் வேண்டாம் மாப்ளே, மூட்டையைச் சும" என்றார்கள். நீந்தத் தெரிந்தவன் அல்லவா! அன்றிலிருந்து ஆற்றுக்குள் அவன்தான் சுமைகூலி. கூலியும் அந்தக் காய்தான்.

ஆற்றுக்கு வடகரையில் பெரியகொம்பன் யானை காவல். தென்கரையில் திம்மன் காட்டெருமை காவல். ஒருவர் எல்லையில் மற்றவர் கால் வைக்கக் கூடாது. அது அவர்களுக்குள் இருந்த பழைய கட்டுப்பாடு. யானை நரிகளைத் தண்ணீர்வரை விரட்டும். "ஒழிஞ்சான் திருடன்!" என்று பிளிறும். வடகாடு முழுக்க மூங்கில் குருத்து விருந்து நடக்கும். தென்கரையிலும் இதே கதைதான், இதே விருந்துதான். நரிகளோ நடு ஆற்றில் நாணல் மண்டிய மணல்திட்டில் ஒளிந்து உட்கார்ந்து, இரண்டு விருந்தையும் வேடிக்கை பார்த்துச் சிரித்தன. திட்டு யாருக்கும் சொந்தமில்லை.

ஆற்றிலேயே கிடக்கிற மினுக்கிக்குத்தான் இது தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் திட்டில்தான் சுழியனும் கிடந்தான்.

ஒருநாள் அவன் மூட்டையோடு நீந்திப் போனதைப் பார்த்தாள். "ஏங்க, நான்தாங்க!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான். யாரோ எவளோ என்று பார்த்துவிட்டுப் போனான். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

மினுக்கி நேரே யானையிடம் போய், நரிகளைப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"என் எல்லை தண்ணியோட சரி தாயி. அந்தாண்டை நடக்கிறது தென்கரைக்காரன் பாடு. காயே அவன் பக்கமிருந்துதான் வருது!" என்றது யானை.

எதிர்க்கரையிலிருந்து திம்மன் கத்தியது: "யாரு? என் பக்கமா? தின்னுறது பூரா உன் காட்டுக் குரங்குங்க! அவ்வளவு பெரிய காது வச்சிருக்கியே, இது கேக்குதா?"

"நிறுத்துங்கண்ணே!" என்று மினுக்கி இடையில் நீந்தினாள். "ஒரு பக்கமா விரட்டினா மீனே சிக்காது. நரியா சிக்கும்? நீங்க விரட்டுறது அவனைப் பிடிக்கிறதுக்கு இல்லை. அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புறதுக்கு. எதிரே ஒருத்தர் நிக்கணும்ண்ணே!"

திம்மன் தண்ணீர் ஓரத்துக்கு வந்தது.

"ஆத்துலயே கிடக்கிறவளாச்சே, அப்போ அவனுங்க இடம் உனக்குத் தெரியும்" என்றது திம்மன். "உன் புருஷனும் அதே கூட்டந்தானே? முதல் மிதி அவனுக்குத்தான்!"

மினுக்கி சுழியனை நினைத்தாள். சொன்னால் மிதிபட்டுச் சாவான். சொல்லாவிட்டால் காய் தின்றே சாவான்.

"சொல்றேன். ஆனா சுமக்கிறவனை மிதிக்கக் கூடாது. அவனை மிதிச்சா நரிக்கு வேற ஒருத்தன் கிடைப்பான். எனக்கு யாரு கிடைப்பா?"

யானை தும்பிக்கையைத் தாழ்த்தியது. "வாக்கு" என்றது. திம்மனும் தலையை ஆட்டியது.

மினுக்கி திட்டைக் காட்டினாள். அதன்பிறகும் ஒரு சண்டை. திட்டில் யார் முதலில் கால் வைப்பது? "நான் வச்சா நாளைக்கு எல்லை மீறினேம்பான்!" என்றது ஒன்று. "நான் மட்டும் இளிச்சவாயனா?" என்றது இன்னொன்று.

"நான் சீழ்க்கை அடிக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே வைங்க!" என்றாள் மினுக்கி.

விடியற்காலைப் பனியில் சீழ்க்கை கேட்டது.

"யானைடா! தெக்கே ஓடுங்க!" என்று கோணவாலன் அலறினான். தெற்கே கொம்பு நின்றது. "ஐயோ, வடக்கே!" வடக்கே தும்பிக்கை நின்றது.

"அண்ணே, இது என்ன நியாயம்? திட்டு உங்களுது இல்லையே!" என்று கும்பிட்டான்.

"என்னுது இல்லை" என்றது யானை.

"என்னுதும் இல்லை" என்றது திம்மன். "அதான் ரெண்டு பேரும் வந்தோம்."

இந்தத் தடவை விரட்டவில்லை. ஆழமான குழி தோண்டி நரிகளை உள்ளே தள்ளினார்கள். யானையும் எருமையும் முறைபோட்டுக் காவல் இருந்தன. மலைக்காட்டு முள்ளம்பன்றிகளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவை சொக்குச்செடியை வேரோடு தோண்டிப் போட்டன. இரண்டு கரையிலும் விருந்து நடக்கவில்லை. எல்லார் வீட்டிலும் காய் கிடைக்காமல் நடுங்கிக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

சுழியனை மினுக்கி இழுத்து வந்து வளையில் போட்டாள். அவன் கடித்தான், பிறாண்டினான், "ஒரே ஒரு காய்!" என்று அழுதான். அவள் பெயர் ஒருமுறைகூட அவன் வாயில் வரவில்லை. கூப்பிடுகிற தூரத்தில் இருந்தும் அவன் வெகுதூரத்தில் இருந்தான். அவள் கொஞ்சம் தள்ளியே படுத்துக்கொண்டு, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை தூறல் போட்டது. மினுக்கி வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகில் ஏதோ பட்டது. அசையாமல் இருந்தாள்.

"குளிருது புள்ள" என்றான் சுழியன். ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

திருடனைத் தன் எல்லைவரை விரட்டிவிட்டு அவரவர் கை கழுவினால் அவனுக்குத்தான் கொண்டாட்டம். எல்லையைத் தாண்டிக் கை கோத்தால்தான் அவன் கொண்டுபோனவர்கள் வீடு திரும்புவார்கள்.