பால்குடம் சரிந்த இடம்

எங்கள் செவ்வாய்க்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற தனபாக்கியம் அக்கா, போன ஆடிப்பூரம் கழிந்து ஒரு வாரத்தில், திரி திரித்துக்கொண்டே இதைச் சொன்னார். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. நீங்களும் கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தெரு. அங்கே செண்பகவல்லி என்று தையல் தைத்துப் பிழைக்கிற ஒருத்தி. அவள் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் ஓர் உயிர் தங்கியிருந்தது. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று செண்பகம் அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்து, இருபத்தோரு நாள் விரதம் இருந்தாள். வெறுந்தரையில் படுத்தாள். வெளியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

அதே தெருவில் சங்கரபாண்டியன், ஓய்வுபெற்ற அதிகாரி. பக்திமான் என்று பெயர். விடிந்ததும் ஒரு கையில் நாய்ச் சங்கிலி, மறு கையில் பூப்பறிக்க ஒரு பிளாஸ்டிக் பை. நாயைத் தன் வாசலில் அசிங்கம் பண்ண விடமாட்டார். எதிர்ச்சாரிக்குக் கூட்டிப் போவார். யாராவது கேட்டால், அதற்குத்தானே பெருக்க ஆள் வருகிறது என்பார்.

பால்குடத்தன்று, தெருப் பெருக்குகிற முத்துமாரி ஐந்து மணிக்கே வந்து ஒரு தூசி இல்லாமல் பெருக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்கு நாய் வந்தது. எதிர்ச்சாரியில் குடியிருக்கிற கோமதி வீட்டுக்கு நேரே நடுத்தெருவில் அசிங்கம் பண்ணி வைத்தது. சங்கரபாண்டியன் காம்பவுண்டுக்கு மேலே நீட்டியிருந்த அரளியை எட்டிப் பறித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கோமதி பார்த்தாள். தலைக்குக் குளித்துச் சுத்தமாக நிற்கிறாள், அதை எப்படித் தொடுவாள்? திரும்பக் குளிக்க நேரமில்லை. அம்மன் வருகிற தெருவில் அது கண்ணில் படவும் கூடாது. தோரணம் கட்டி மிஞ்சிய வேப்பிலையை அள்ளி அதன்மேல் போட்டு மூடினாள்.

கொட்டுச் சத்தத்தோடு பால்குடம் வந்தது. வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடந்து வருகிற பெண்களின் காலைக் குளிர வைத்தார்கள். சங்கரபாண்டியனும் ஊற்றினார். செண்பகத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கிருந்து ஏழெட்டு அடி. வேப்பிலை கிடந்தது, காலுக்கு மெத்தென்று இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பி மிதித்தாள். ஈரக்கால் வழுக்கியது. தலையிலிருந்த குடம் உருண்டு, பால் முழுக்கச் சாக்கடைப் பக்கம் ஓடியது.

கொட்டு நின்றது. விரதத்தில் குறை இருந்தால்தான் பால் கொட்டும் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். செண்பகம் எழுந்திருக்க மாட்டாமல், “நாய் அசிங்கம் கெடந்துச்சு” என்றாள். பாலும் தண்ணீரும் எல்லாவற்றையும் அலசிக்கொண்டு போயிருந்தன.

சங்கரபாண்டியன் அவள் முன்னால் வந்து நின்றார். “அம்மன் வர்ற பாதையில அசிங்கம் கெடக்குமா தாயி? மனசத் தொட்டு யோசிச்சுப் பாரு.”

கோமதி பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சேதி சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது. மகள் போனில் அழுதாள். “விரதத்துல எதையாச்சும் விட்டுட்டியாம்மா? அத்தை கேக்காங்க.”

செண்பகம் இருபத்தோரு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் வரப்போகிற பிள்ளைக்குத்தான் ராசியில்லை என்று பேச்சு திரும்பிவிடக் கூடாதே. “ஏதோ விட்டிருப்பேன்ட்டி. குறை எம்மேலதான்” என்றாள். அப்படியானால் பிரசவத்துக்கு நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வர வேண்டாம், பிள்ளையையும் தொட வேண்டாம் என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டாள். அதற்கும் சரி என்றாள்.

இப்போது சொல்லுங்கள். பெருக்கிவிட்டுப் போனவள் முத்துமாரி. மூடி வைத்தவள் கோமதி. நாயைக் கூட்டி வந்தவர் சங்கரபாண்டியன். ஏற்றுக்கொண்டவள் செண்பகம். அந்தப் பால் கொட்டியது யாருடைய குறையால்?

எங்களில் பாதிப் பேர் கோமதி என்றோம். மூடாமல் இருந்தால் செண்பகம் பார்த்து விலகியிருப்பாள். தனபாக்கியம் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மூடியது தப்பு, பேசாமல் நின்றது அதைவிடத் தப்பு. கோமதியே அக்காவிடம் வந்து சொல்லி அழுதிருக்கிறாள். செண்பகத்திடம் சொல்ல மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் முத்துமாரி சுத்தமாக்கிய தெருவில் அந்த அசிங்கம் வந்தது ஒரே ஒருவரால். நாய் வாயில்லாத ஜீவன், அதற்கு என்ன தெரியும்? தெரிந்தவர் சங்கிலியைப் பிடித்திருந்தார். குனிந்து எடுக்க வேண்டியது அவர்தான். அதைச் செய்யாதவர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டது எதற்கும் ஈடாகாது. குறை அவருடையது.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால், நாளைக்கு அதை வெளியே கூட்டிப் போகும்போது ஒரு பழைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.