முதல் கோப்பை

புதுச்சேரியில் பிலவேந்திரன் என்று ஒரு பெரிய மனிதர். எந்த மாதத்துக்கு எந்த ஒயின், எந்த விருந்துக்கு எந்த பிராந்தி என்பது தன் ஒருவருக்குத்தான் தெரியும் என்பார். விருந்து நாளில் வேலைக்காரியைப் புட்டி எடுக்கச் சொல்வார். எதைக் கொண்டுவந்தாலும் முதலில் தானே ஒரு வாய் குடித்து, "தப்பு!" என்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள், அவளுக்கு வேலை போய்விடும். அப்படி மூன்று பேர் போனார்கள்.

நாலாவதாக வந்தவள் ஞானப்பூ. கைக்குழந்தையோடு அந்த வீட்டுப் பின்கட்டிலேயே குடியிருந்தாள். வேலை போனால் கூரையும் போகும்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பிலவேந்திரனின் பெண்ணை நிச்சயம் பண்ணச் சம்பந்தி வந்தார்.

"ஞானப்பூ, மழைக்கும் பொருந்தணும், நிச்சயத்துக்கும் பொருந்தணும். எடுத்து வா!"

அவள் ஒரு புட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றித் தட்டில் கொண்டுவந்தாள். கையை நீட்டிய ஐயாவைத் தாண்டிப் போய், சம்பந்தியிடம் ஒன்றைக் கொடுத்தாள்.

"ஏய், எனக்குத்தான் முதல்ல!"

"விருந்தாளி காத்திருக்க நீங்க குடிச்சா நல்லாவா இருக்கும், ஐயா?"

சம்பந்தி குடித்தார். "அடடா! இந்த மழைக்கு வேற என்ன வேணும்!"

ஞானப்பூ மற்றதை நீட்டினாள். "நீங்க சொல்லுங்கய்யா, தப்புங்களா?"

பிலவேந்திரன் சம்பந்தி முகத்தைப் பார்த்தார். "ரொம்பச் சரி" என்றார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார் சம்பந்தி.

"கதவோரமா இருந்த புட்டிங்க அது. நிச்சயத்துக்கு வந்த நீங்க எதையும் குறை சொல்ல மாட்டீங்க. நீங்க நல்லாருக்குன்னதை எங்க ஐயா குறை சொல்ல மாட்டாரு."

சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "கல்யாணத்துக்கும் இவளே ஊத்தட்டும் சம்பந்தி!"