கையெழுத்துப் போடும் வரைக்கும்

விசா இல்லாமல் முப்பது நாள் தங்கலாம் என்று கணவர் சுடலைமுத்துவோடு வெளிநாடு பார்க்கப் போனாள் பள்ளிக்கூட ஆயா பேச்சியம்மாள். இருபத்தெட்டாம் நாள் அவர் நினைவிழந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை.

தங்கும் கெடுவை நீட்டிக்கக் கேட்டு குடிநுழைவு அதிகாரியிடம் அழுதாள். தமிழ் தெரிந்த அவர் மனுவை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நீங்க துணைக்கு வேணும்னு நோயாளியே கையெழுத்துப் போடணும்."

"அவுகளுக்கு நினைவே இல்லையே, ஐயா."

"போட்டால்தான் நீட்டிப்பு. சட்டம்."

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்தாள். "சரிங்கய்யா. அவுக எந்திரிச்சுக் கையெழுத்துப் போடுத வரைக்கும் இருக்கலாம்னு எழுதிக் கொடுங்க. எந்திரிச்சதும் கையோட கூட்டிட்டு வாரேன்."

வரிசையில் நின்ற தமிழர்கள் சிரித்துவிட்டார்கள். முகம் சிவந்த அதிகாரி மேலும் முப்பது நாளுக்கு முத்திரை குத்தினார்.

அதிலிருந்து நான்காம் நாளே சுடலைமுத்து போய்விட்டார். மிச்ச நாட்களை அந்த நாட்டிடமே விட்டுவிட்டு, பேச்சியம்மாள் அவர் உடலோடு ஊர் திரும்பினாள்.